வளையும் உடலும் வளையாத உடலும்

உங்கள் வலக்கைக் கட்டைவிரலை இடக்கையால் பிடித்து, முன்கையின் உட்புறத்தை நோக்கி மெல்ல மடக்கிப் பாருங்கள். வலி தோன்றினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். உங்களுள் பெரும்பாலோருக்கு விரலுக்கும் முன்கைக்கும் நடுவே நல்ல இடைவெளி நின்றுவிடும். சிலருக்கோ விரல் வாழைப்பட்டை போல வளைந்து முன்கையின்மேல் படிந்துவிடும். இவர்கள் இதற்கென எந்தப் பயிற்சியும் செய்தவர்கள் அல்லர். "எனக்கு எப்போதும் இப்படித்தான்" என்பார்கள். மறுபக்கம், மாதக்கணக்கில் காலையில் எழுந்து குனிந்து பழகியும் கால் பெருவிரலைத் தொட இயலாமல் மூச்சு வாங்கும் மனிதரையும் நாம் அறிவோம். இருவரும் ஒரே சோற்றைத் தின்று ஒரே தெருவில் வளர்ந்தவர்களாகவும் இருக்கலாம்.

இந்த வேற்றுமை ஏன்? கேள்வி எளியது. ஆனால் இதற்கு விடை தேடியவர்களின் வரலாறு ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் நீண்டது. அந்த வரலாற்றில் பாதிக்கு மேல், வளையும் மனிதரை வேடிக்கை பார்த்ததிலும் வளையாத மனிதரைச் சோம்பேறி என்று வைததிலுமே கழிந்துவிட்டது.

வில்லை வளைக்க முடியாத வில்லாளிகள்

கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் ஒரு நூல் தொகுதி வழங்குகிறது. எல்லாம் அவரே எழுதியவை அல்ல. அதில் 'காற்று, நீர், இடங்கள்' என்று ஒரு நூல் உண்டு. கி.மு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்நூல், கருங்கடலுக்கு வடக்கே புல்வெளிகளில் திரிந்த சித்தியர் என்னும் மக்களைப் பற்றி ஒரு வியப்பான செய்தியைக் கூறுகிறது. அவர்களுடைய உடல் ஈரம் மிகுந்து தொளதொளவென்று இருக்குமாம். அதனால் வில் நாணை இழுக்கவும், தோளிலிருந்து ஈட்டியை எறியவும் வலிமை போதாதாம். ஆகவே தோள், கை, மணிக்கட்டு, மார்பு, இடுப்பு ஆகிய இடங்களில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டுக்கொள்வார்களாம். சூட்டினால் ஈரம் வற்றி மூட்டுகள் இறுகிவிடும் என்பது நூலாசிரியரின் கருத்து.

மூட்டுத் தளர்ச்சியைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு இதுவே எனப் பலர் எழுதியிருக்கிறார்கள். இதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. குதிரைமேல் அமர்ந்தபடி அம்பெய்வதில் உலகப் புகழ் பெற்றவர்கள் சித்தியர்கள். அத்தகைய ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும் வில்லிழுக்கக் கை தளர்ந்திருந்தது என்றால் எப்படி நம்புவது? இருப்பினும் இந்தக் குறிப்பு நமக்குப் பயன்படுகிறது. ஓர் உடல் ஏன் இறுகியும் மற்றோர் உடல் ஏன் தளர்ந்தும் இருக்கின்றன என்று அவர் கேட்டிருக்கிறார். குளிரும் ஈரமும் நிறைந்த நாடு, குழந்தைகளைத் துணியால் இறுகச் சுற்றி வளர்க்காத வழக்கம் என்று வெளியுலகிலேயே காரணங்களைத் தேடியிருக்கிறார். பெற்றோரிடமிருந்து வரும் ஒன்றாக அவர் இதை எண்ணவில்லை.

தையற்காரரை ஏய்த்தவர்

அடுத்து நாம் லண்டனுக்கு வருகிறோம். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே ஜோசப் கிளார்க் என்று ஒருவர் வாழ்ந்தார். உடலை விரும்பியபடி வளைத்தும் திருகியும் காட்டுவதே அவர் தொழில். அவரைப் பற்றிய குறிப்பு 1698-இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழிலேயே இடம்பெற்றது. தையற்காரரிடம் அளவு கொடுக்கும்போது ஒரு தோளைத் தூக்கிக் கூனனாக நிற்பார். சட்டை தைத்து வந்ததும் கூன் மறு தோளுக்குப் போயிருக்கும். தையற்காரர் மன்னிப்புக் கேட்டுப் பிரித்துத் தைத்து எடுத்து வந்தால், எதிரே நேராக நிமிர்ந்த மனிதர் நிற்பார்! பெயர் பெற்ற அறுவை மருத்துவர் ஒருவரிடம் நோயாளியாகச் சென்று, எலும்புகள் எல்லாம் இடம் பெயர்ந்தவர் போல் காட்டினார். இதைக் குணப்படுத்தத் தம்மால் ஆகாது என்று அந்த மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1657-இல், ஹாலந்து நாட்டு லைடன் நகர மருத்துவமனையில் ஒரு ஸ்பானிய இளைஞரை மருத்துவர்கள் கூடிப் பார்த்தனர். அவர் தம் மோவாயின் கீழ்த் தோலை இழுத்துத் தலை உச்சிவரை கொண்டுபோவார். விட்டால் அது தன்னிடத்திற்கே திரும்பிவிடும். ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவர் யோப் வான் மேக்கரன் இதை எழுதிவைத்தார். காட்சி முடிந்தது, ஏன் என்ற கேள்வி அப்படியே நின்றது.

கேள்வியை ஓரளவு நெருங்கியவர் பிரான்சிஸ்கோ பென்னாட்டி என்ற மருத்துவர். வயலின் மேதை பகானினியின் நண்பர் அவர். பகானினியின் விரல்கள் வயலின் தந்திகளின்மேல் ஓடிய விதத்தைக் கண்ட மக்கள், அவர் பேயுடன் உடன்படிக்கை செய்துகொண்டவர் என்றே பேசினர். பென்னாட்டி 1831-இல் பாரிஸில் அறிஞர் கழகத்தின்முன் ஒரு கட்டுரை படித்தார். பகானினியின் கை அளவில் பெரிதன்று. அதன் இணைப்புகள் எல்லாம் நெகிழ்ந்திருப்பதால் அது இரு மடங்கு விரிகிறது. இடக்கை விரல்களின் நுனிக் கணுக்களை அவரால் பக்கவாட்டிலும் வளைக்க முடிகிறது என்றார். பேயை விரட்டிவிட்டு அந்த இடத்தில் இணைப்புத் திசுவை வைத்த பெருமை இம்மருத்துவருக்கு உண்டு. பகானினிக்கு இருந்தது இன்ன நோய்தான் என்று 20-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினர். இறந்து நூறாண்டுக்கு மேலானவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை.

பிறகு தோல் மருத்துவர்களின் முறை வந்தது. 1890-களின் தொடக்கத்தில் மாஸ்கோவில் செர்னோகுபோவ், 1899-இல் கோபன்ஹேகனில் எட்வர்ட் ஏலர்ஸ், 1908-இல் பாரிஸில் ஆன்ரி டான்லோஸ் ஆகியோர், தோல் இழுபட்டு மூட்டுகள் தளர்ந்து சிறு காயமும் ஆறாத வடுவாகும் நோயாளிகளைத் தனித்தனியே விவரித்தனர். பின்னவர் இருவர் பெயரால் அது ஏலர்ஸ்-டான்லோஸ் நோய்த்தொகுதி எனப்பட்டது. மாஸ்கோ மருத்துவரின் பெயர் ரஷ்ய நாட்டு நூல்களோடு நின்றுவிட்டது.

நோயாளியை விட்டு ஊரை அளந்தவர்கள்

இதுவரை பார்த்தவர்கள் எல்லாரும் அரிய மனிதர்கள். ஆனால் நாம் தொடங்கிய கேள்வி அவர்களைப் பற்றியதன்று. தெருவில் போகும் சாதாரண மனிதருள்ளே ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? அதை அறிய வேண்டுமானால் முதலில் சாதாரண மனிதர் எவ்வளவு வளைவார் என்று தெரிய வேண்டும். இதை எவரும் அளந்து பார்க்கவில்லை!

அளக்கத் தூண்டியது ஒரு குழந்தை நோய். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியிலிருந்து நழுவியிருக்கும். இக்குழந்தைகளுக்கு மற்ற மூட்டுகளும் தளர்ந்திருக்கின்றனவோ என்று கார்ட்டர், வில்கின்சன் என்னும் ஆங்கிலேயர் இருவருக்கு ஐயம் எழுந்தது. கட்டைவிரல், மற்ற விரல்கள், முழங்கை, முழங்கால், கணுக்கால் என ஐந்து சோதனைகளை வகுத்தனர். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 285 பள்ளிச் சிறுவர் சிறுமியரையும் சோதித்தனர். அவர்களுள் 7 சதவீதத்தினர், நோய் எதுவும் இல்லாமலேயே மூட்டுத் தளர்ச்சி உள்ளவர்களாக இருந்தனர். 1964-இல் வெளிவந்த இம்முடிவு, தளர்ச்சி என்பது வேடிக்கை மேடைக்கு மட்டும் உரியதன்று என்று காட்டிற்று.

அடுத்த அடி தென்னாப்பிரிக்காவில் வைக்கப்பட்டது. நிறவெறி ஆட்சி நடந்த காலம். பீட்டர் பேட்டன் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்கள் சாலமன், சாஸ்கோல்னி ஆகியோரும் மேற்கு டிரான்ஸ்வால் பகுதியில் சுவானா மக்கள் வாழும் ஒரு கிராமத்தில் 1,081 பேரைச் சோதித்தார்கள். ஆயிரம் பேரையும் நிறுத்தி ஒவ்வொரு மூட்டையும் கோணமானியால் அளந்துகொண்டிருக்க முடியாது. ஆகவே ஒரு நிமிடத்தில் முடியும் சோதனை வேண்டியிருந்தது. கார்ட்டர்-வில்கின்சன் முறையை மாற்றி 9 மதிப்பெண் கொண்ட ஒரு முறையை உருவாக்கினர். சுண்டுவிரல் 90 பாகைக்கு மேல் பின்னே வளைந்தால் ஒவ்வொரு கைக்கும் ஒரு மதிப்பெண். கட்டைவிரல் முன்கையைத் தொட்டால் கைக்கு ஒன்று. முழங்கை 10 பாகைக்கு மேல் பின்புறம் வளைந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, முழங்காலுக்கும் அவ்வாறே. முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதித்தால் இன்னும் ஒன்று. ஆக மொத்தம் 9. கட்டுரையின் தொடக்கத்தில் நீங்கள் செய்து பார்த்தது இதில் ஒரு பகுதிதான்.

1973-இல் முடிவுகள் வெளிவந்தன. குழந்தைப் பருவத்தில் நெகிழ்ச்சி விரைவாகக் குறைகிறது. பிறகு வாழ்நாள் முழுதும் மெல்ல மெல்லக் குறைகிறது. எந்த வயதிலும் பெண்களின் மூட்டுகள் ஆண்களின் மூட்டுகளைவிட நெகிழ்வானவை. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், ஐரோப்பிய வழியினரைவிட ஆப்பிரிக்க, ஆசிய வழியினரிடம் நெகிழ்ச்சி பொதுவாகக் கூடுதல் என்றும் காட்டின. எனவே வயது, பால், பிறந்த வழி ஆகியவற்றைச் சொல்லாமல் "இவர் மூட்டு அதிகம் வளைகிறது" என்று சொல்வதில் பொருளில்லை. பத்து வயதுச் சிறுமிக்கு இயல்பாக உள்ள வளைவு ஐம்பது வயது ஆணிடம் இருந்தால் அது கவனிக்கத்தக்கது.

ஒரு கிராமத்தில் விரைவாகச் சோதிக்கப் பிறந்த இந்த முறை இன்று உலகெங்கும் மருத்துவர்களின் அறைகளில் கையாளப்படுகிறது. இதில் தோளும் இடுப்பும் கணுக்காலும் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். தோள் அடிக்கடி நழுவும் ஒருவர் இச்சோதனையில் ஒரு மதிப்பெண்கூடப் பெறாமல் போகலாம்.

பிறவியா, பயிற்சியா?

நன்றாக வளைபவர்கள் பெரும்பாலும் நடனக் கலைஞர்களாகவும் உடற்பயிற்சி வீரர்களாகவும் இருக்கிறார்களே, அப்படியானால் பயிற்சிதானே காரணம் என்று நீங்கள் கேட்கலாம். இக்கேள்வியை கிரகாம், ஜென்கின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1972-இல் அழகாக எதிர்கொண்டார்கள். லண்டன் ராயல் பாலே பள்ளி மாணவிகளையும், அதே வயதுள்ள பயிற்சித் தாதியரையும் ஒப்பிட்டனர். பாலே மாணவிகளின் உடல் அதிகம் வளைந்ததில் வியப்பில்லை. ஆனால் அவர்களுடைய சுண்டுவிரல்களும் அதிகம் வளைந்தன! பாலே நடனத்தில் சுண்டுவிரலைப் பின்னே வளைக்க எவரும் பயிற்சி தருவதில்லை அன்றோ? பயிற்சியால் வளைந்தவர்கள் பலர் என்பதோடு, வளையும் உடலோடு பிறந்தவர்களே அப்பள்ளியின் வாயிலைக் கடந்து உள்ளே போகிறார்கள் என்பதும் இதனால் தெளிவாயிற்று. வளையாதவர்கள் முதல் தேர்விலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள்.

2004-இல் பிரிட்டனில் பெண் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு இதற்கு ஓர் எண்ணையும் தந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும், இரு கருவிலிருந்து தோன்றிய இரட்டையரையும் ஒப்பிட்டு, மூட்டுத் தளர்ச்சியில் மரபின் பங்கு சுமார் 70 சதவீதம் எனக் கணக்கிட்டனர். இந்த எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. உங்கள் உடல் வளைவதில் 70 பங்கு பெற்றோர் தந்தது, 30 பங்கு நீங்கள் சம்பாதித்தது என்பது இதன் பொருளன்று. அந்த மக்கட்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் அவ்வளவு பகுதி மரபு வேறுபாட்டால் வருகிறது என்பதே பொருள்.

எலும்பின் வடிவமும் மரபோடு வருவதே. தொடை எலும்பின் தலை எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, இடுப்புக் குழி எவ்வளவு ஆழம் என்பவை ஆளுக்கு ஆள் மாறும். எலும்பு எலும்பில் இடித்த பிறகு எந்தத் தசையை இழுத்தும் பயனில்லை. பரதநாட்டிய வகுப்பில் அரைமண்டியில் கால்கள் பக்கவாட்டில் திரும்பவில்லை என்று திட்டு வாங்கும் சிறுமியின் இடுப்பெலும்பு ஒருவேளை வேறு கோணத்தில் அமைந்திருக்கலாம். அவளை வற்புறுத்தினால் இடுப்புக்குப் பதிலாக முழங்கால் திருகிக்கொள்ளும்.

கயிற்றின் மூன்று புரிகள்

எலும்பு தடுக்காத இடத்தில் எது தடுக்கிறது? 1962-இல் ஜான்ஸ், ரைட் என்ற இருவர் பூனையின் மணிக்கட்டை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தனர். தோல், தசை, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், மூட்டைச் சுற்றியுள்ள உறை ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் மூட்டை வளைக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளந்தனர். தடையில் மூட்டுறையின் பங்கு 47 சதவீதம், தசை 41, தசைநாண் 10, தோல் வெறும் 2. பூனையின் எண் மனிதனுக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. எனினும் மூட்டுறையும் தசையும்தான் முக்கியம் என்பது புலனாயிற்று.

மூட்டுறை, தசைநாண், எலும்பையும் எலும்பையும் கட்டும் இணைநார், தோல் ஆகிய அனைத்திலும் வலிமை தருவது ஒரே புரதம். அதன் பெயர் கொலாஜன். நம் உடலில் மிக அதிகமாக உள்ள புரதம் இதுவே. மாட்டுத் தோல் பதனிடப்பட்டுச் செருப்பாக நம் காலுக்கு வருவதும் இதே கொலாஜன்தான். இதன் அமைப்பு 1950-களின் தொடக்கம்வரை விளங்காத புதிராக இருந்தது. அந்தப் புதிர் அவிழ்ந்த ஊர் சென்னை.

1952-இல் 30 வயதுகூட நிரம்பாத ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். அவ்வாண்டு அங்கு வந்த ஆங்கில அறிவியலார் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெரியவில்லை, யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். இராமச்சந்திரன் அதையே பற்றிக்கொண்டார். அவருடன் சேர்ந்து உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. கங்காருவின் வாலில் உள்ள தசைநாணிலிருந்து தெளிவான எக்ஸ்-கதிர்ப் படங்கள் கிடைத்தன. கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் வருவது அப்போதே தெரிந்திருந்தது. ஏன் மூன்றுக்கு ஒன்று? இந்தச் சிறு துப்பிலிருந்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய முப்புரிக் கயிறு என்ற வடிவத்தை இருவரும் கண்டு 1954-இல் வெளியிட்டனர். மூன்று இழைகளும் நடுவில் நெருங்குமிடத்தில் கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடம் போதாது. அதனால்தான் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அது இருக்கிறது! 1955-இல் கயிற்றுக்கு இன்னுமொரு முறுக்கைச் சேர்த்துத் திருத்திய வடிவத்தையும் தந்தனர்.

அதே ஆண்டு இங்கிலாந்திலிருந்து கிரிக்கும் ரிச்சும் ஒரு மறுப்பை எழுப்பினர். மூன்று புரி என்பதை ஏற்றாலும், சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றனர். இராமச்சந்திரன் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. புரதத்தில் இரு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே முறையாகக் கணக்கிடத் தொடங்கினார். சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963-இல் அவர் வெளியிட்ட வரைபடம், இன்று உலகில் எங்கு ஒரு புரதத்தின் அமைப்பு கண்டறியப்பட்டாலும் அதைச் சரிபார்க்கும் உரைகல்லாக விளங்குகிறது. கொலாஜன் சண்டை நடந்திராவிட்டால் அந்த வரைபடம் அப்போது பிறந்திருக்குமா என்பது ஐயமே. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கு ஒன்றுக்கு முப்புரிச் சுருளின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கயிற்றின் அமைப்பு தெரிந்ததும், கயிறு எங்கே தளர்கிறது என்று தேட வழி பிறந்தது. ஒரு புரி மட்டும் கயிறாகாது. புரிகளும் கயிறுகளும் ஒன்றோடொன்று குறுக்கே முடிச்சிட்டுப் பிணைய வேண்டும். 1972-இல் பின்னெல் முதலிய அமெரிக்க மருத்துவர்கள், முதுகெலும்பு கோணி மூட்டுகள் மிகத் தளர்ந்திருந்த சகோதரிகள் இருவரை ஆராய்ந்தனர். அவர்களுடைய கொலாஜனில் லைசின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றியமைக்கும் நொதி சரிவர வேலை செய்யவில்லை. அதனால் முடிச்சுகள் உறுதியாக விழவில்லை. மனிதக் கொலாஜனில் பிறவிக் குறை ஒன்று வேதியியல் அளவில் நிறுவப்பட்டது இதுவே முதல் முறை. சித்தியரின் ஈரத்துக்கும் சுட்ட இரும்புக்கும் பதிலாக ஒரு நொதியின் பெயர் கிடைத்தது.

முடிச்சு குறைந்தால் தளர்ச்சி, கூடினால்? வயது ஏறஏற கொலாஜன் இழைகளுக்கிடையே முடிச்சுகள் மிகுகின்றன. முதுமையின் விறைப்புக்கு இது ஒரு காரணம். இரத்தத்தில் மிகும் சர்க்கரையும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வேண்டாத முடிச்சுகளைப் போடுகிறது. 1974-இல் ரோசன்புளூம், பிரையாஸ் என்ற மருத்துவர்கள், இளவயதிலேயே நீரிழிவு வந்த சிலருக்கு விரல் மூட்டுகள் விறைத்திருந்ததை எடுத்துரைத்தனர். இதைக் கண்டறிய எந்தக் கருவியும் வேண்டாம். இரு கைகளையும் கூப்பிக் கும்பிடச் சொன்னால் போதும். உள்ளங்கைகளும் விரல்களும் முழுதும் ஒட்டாமல் நடுவே இடைவெளி தெரிந்தால் அது கவனிக்க வேண்டிய குறி. நீரிழிவு மலிந்த நம் நாட்டில், கும்பிடும் கை ஒட்டவில்லை என்றால் வயதுதான் காரணம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

பெண்களின் கூடுதல் நெகிழ்ச்சியில் உட்சுரப்புகளுக்கும் பங்கு உண்டு. 1926-இல் ஹிசா என்ற அமெரிக்கர், சூல்கொண்ட விலங்கின் இரத்தநீரைக் கினிப்பன்றிக்குள் செலுத்தியபோது அதன் இடுப்பு இணைப்புகள் தளர்ந்ததைக் கண்டார். பிள்ளைப்பேற்றுக்கு வழிவிடும் ரிலாக்சின் என்ற சுரப்பு அவ்வாறு தெரியவந்தது.

தசையா, பொறுமையா?

இனி, குனிந்து குனிந்து பழகும் மனிதருக்கு வருவோம். மூட்டுறையை மாற்ற முடியாவிட்டாலும் தசையை இழுத்து நீட்டலாமே என்று உடற்பயிற்சி ஆசிரியர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தனர். நாள்தோறும் இழுத்தால் தசை நீளும் என்பது எல்லாரும் நம்பிய செய்தி. 1990-களில் இதை அளந்து பார்த்தார்கள். 1996-இல் மாக்னுசன் என்பவரும் உடன் ஆராய்ந்தோரும் சிலரை ஒரு காலை மட்டும் மூன்று வாரம் நாள்தோறும் நீட்டிப் பழகச் செய்தனர். மறு கால் சும்மா இருந்தது. பயிற்சி பெற்ற கால் முன்னைவிட அதிகம் நீண்டது உண்மை. ஆனால் ஒரே கோணத்தில் வைத்து அளந்தபோது தசையின் எதிர்ப்பு சிறிதும் குறையவில்லை! தசை முன்போலவே இருந்தது. அதிக இழுப்பைத் தாங்கிக்கொள்ள அம்மனிதர் பழகியிருந்தார், அவ்வளவே. இரண்டாண்டுக்கு முன் ஹாலந்தில் நடந்த வேறோர் ஆய்வும் இதையே சொன்னது.

ஆகவே "நான் கட்டை போல் இருக்கிறேன்" என்று சொல்லும் ஒருவரிடம் உண்மையில் கட்டையாக இருப்பது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எலும்பு இடிப்பதால் நிற்பவர் ஒருவர். மூட்டுறை இறுகியதால் நிற்பவர் இன்னொருவர். மூளையும் நரம்பும் "இதற்கு மேல் வேண்டாம்" என்று எச்சரிப்பதால் நிற்பவர் மூன்றாமவர். பொறுமையாகப் பழகினால் மூன்றாமவர் விரைவில் முன்னேறுவார். முதலாமவர் அதே பயிற்சியை அதே ஊக்கத்தோடு செய்தும் அங்குலம்கூட நகரமாட்டார். வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கு மூவரும் ஒன்றாகவே தெரிவார்கள். பள்ளிகளில் கால் பெருவிரலைத் தொட்டால்தான் மதிப்பெண் என்று வைப்பது எவ்வளவு நியாயமற்றது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வளைபவர்களின் நிலை மேலானதா என்றால் அதுவும் இல்லை. இளமையில் பாராட்டுப் பெற்ற அதே மூட்டுகள் பின்னாளில் வலிக்கலாம், நழுவலாம். தளர்ந்த மூட்டைத் தாங்கிப் பிடிக்கத் தசைகள் ஓயாமல் உழைப்பதால், தொளதொளவென்ற உடலுக்குரியவரே "உடம்பெல்லாம் விறைப்பு" என்று முறையிடுவதும் உண்டு. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. எக்ஸ்-கதிர்ப் படத்திலும் ஒன்றும் தெரியாது. வலி மனப்பிரமை, நடிப்பு என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். 1967-இல் கிர்க், ஆன்சல், பைவாட்டர்ஸ் என்ற லண்டன் மூட்டு நோய் மருத்துவர்கள், மூட்டுத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு வரும் இத்தகைய வலிகளைத் தொகுத்து அதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள். பெயர் கிடைத்த பிறகுதான் பலருக்கு அவர்கள் சொன்ன வலி நம்பப்பட்டது. அதற்காக, வளையும் எல்லாரும் நோயாளிகள் என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் இல்லாமல் கட்டைவிரலை வளைத்துக் காட்டிக்கொண்டே இருப்பார்கள்.

2017-இல் உலக மருத்துவர்கள் கூடி ஏலர்ஸ்-டான்லோஸ் நோய்த்தொகுதியை 13 வகைகளாகப் பிரித்தனர். 12 வகைகளுக்குக் காரணமான மரபணுக்களைப் பட்டியலிட முடிந்தது. மிகுதியானவர்களைத் தாக்கும் 13-ஆவது வகை மட்டும், மூட்டுத் தளர்ச்சியை முதன்மையாகக் கொண்டது, மரபணுச் சோதனையால் கண்டறிய முடியாததாக நின்றது. அதற்கு இன்னும் மருத்துவரின் கண்ணும் கையும் கேள்விகளுமே கருவி.

அந்தக் கேள்விகளில் ஒன்று சுவையானது. நாற்பது, ஐம்பது வயதில் வலியோடு வருபவரின் மூட்டுகள் அதற்குள் இறுகிப்போயிருக்கும். 9 மதிப்பெண் சோதனையில் அவர் தேறமாட்டார். ஆகவே ஹகீம், கிரகாம் என்ற இரு மருத்துவர்கள் 2003-இல் ஐந்து கேள்விகளை வகுத்தார்கள். உள்ளங்கையைத் தரையில் பதிக்க இப்போது முடிகிறதா, அல்லது முன்பு எப்போதாவது முடிந்ததா? கட்டைவிரல் முன்கையை எப்போதாவது தொட்டதுண்டா? சிறுவயதில் தோளோ முழங்கால் சில்லோ ஒரு முறைக்கு மேல் நழுவியதா? மற்றவரைவிடத் தமக்கு மூட்டுகள் அதிகம் வளைவதாக எண்ணுகிறாரா? இவற்றோடு இன்னொன்று: "நீங்கள் குழந்தையாக இருந்தபோது உடலை விசித்திரமாக வளைத்துக் காட்டி நண்பர்களைச் சிரிக்க வைத்ததுண்டா?" இரண்டு கேள்விகளுக்கு ஆம் என்றால், மருத்துவர் மூட்டுகளை இன்னும் கவனமாகச் சோதிக்கத் தொடங்குவார்.